பத்துப் பக்கச் சட்டம்

கல்லூரி நூலகத்தில், மாடிப்படிக்கு அடியில், ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம்தான் இப்போது நகல் அறை. ஒரு மிஷின், ஒரு மேசை, ஒரு முக்காலி, காற்று வருகிறதோ இல்லையோ சத்தம் மட்டும் ஒழுங்காக வரும் ஒரு மின்விசிறி. அங்கே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் அவள் பத்துப் பக்கம். "பத்துப் பக்கம் சாப்பிடப் போயிருக்கு, ரெண்டு மணிக்கு வா" என்று வாசலில் இருக்கும் வாட்ச்மேன் மாணவர்களைத் திருப்பி அனுப்புவார்.

பெயருக்குக் காரணம் சுவரில் மாட்டியிருக்கும் பலகை. 'ஒருவருக்கு ஒரு புத்தகத்தில் பத்துப் பக்கங்கள் மட்டும்.' அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அது அங்கே இருந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஏன் சார் பத்து என்று அப்போதைய நூலகரிடம் கேட்டாள். அவர் புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "சட்டம்மா. காப்பிரைட் சட்டம்" என்றார். அவ்வளவுதான். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சட்டம் யார் கையிலும் இருந்ததில்லை. தன் கைக்கு வந்த சட்டத்தை அவள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள்.

"பதினோராவது பக்கத்துலதான்க்கா வாக்கியமே முடியுது, ஒரே ஒரு வரி" என்று கெஞ்சுகிறவர்களுக்குப் பென்சிலை நீட்டுவாள். கையால் எழுதிக்கொள்வதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லையே. ஒருமுறை கல்லூரி முதல்வரே ஆள் அனுப்பிப் பன்னிரண்டு பக்கம் கேட்டார். பத்து போய்ச் சேர்ந்தது. மீதி இரண்டுக்கு வேறு ஆள் வந்தார், அவருக்குக் கொடுத்தாள். எட்டே பக்கமுள்ள ஒரு கவிதைப் புத்தகத்தை முழுசாக எடுக்க வந்தவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்துக்குள்தானே இருக்கிறது?

வெளியாட்களிடம் இப்படி இருந்தால் நேர்மை என்பார்கள். அவள் வீட்டுக்காரரிடமும் இப்படித்தான் இருந்தாள், அங்கேதான் வந்தது வினை.

அவள் கணவர் ஒரு டுடோரியலில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பழைய துறைமுகங்களில் சுங்கம் வசூலித்த முறை பற்றி ஆராய்ச்சி. அதற்கு ஆதாரமான புத்தகம் ஒன்றே ஒன்று, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைகளில் கிடைக்காது, அச்சிலேயே இல்லை. இருந்த ஒரே பிரதி அவள் வேலை பார்க்கும் நூலகத்தில், வெளியே கொண்டுபோகக் கூடாத அலமாரியில் இருந்தது. போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால் படம் பிடிக்கவும் வழியில்லை. முழுப் புத்தகத்தையும் நகல் எடுத்துத் தரச் சொல்லி மனைவியைக் கேட்டார். அவள் பத்துப் பக்கம் எடுத்துக் கொடுத்தாள். மீதியை வந்து உட்கார்ந்து படியுங்கள் என்றாள். நூலகம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவருக்கு டுடோரியலில் வகுப்பு இருந்தது. ஆராய்ச்சி அப்படியே நின்றுபோனது.

அன்று முதல் அந்தக் குடும்பத்தில் அவர் டாக்டர் ஆகியிருக்க வேண்டியவர், அவள் ஆகவிடாமல் கெடுத்தவள். நாத்தனார் இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்வாள். "கட்டின புருஷனுக்கே பத்துப் பக்கம்தான் அளந்து குடுத்தா மகராசி." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கணவர் பெருந்தன்மையாகச் சிரித்து, "விடுக்கா, அவ வேலை அப்படி" என்பார். அவளுக்கு உள்ளே எரியும். ஆனாலும் சட்டம் தன் பக்கம் இருக்கிறது என்கிற ஒரே பிடிப்பில் தலை நிமிர்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். பதினான்கு வருடம் அவளைத் தாங்கியது அந்தப் பிடிப்புதான்.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாக் கல்லூரிகளிலும் ஆசிரியர்களுக்குப் பதிப்புரிமை பற்றியும், படிப்புக்காக எதை எவ்வளவு நியாயமாகப் பயன்படுத்தலாம் என்பது பற்றியும் ஒரு நாள் வகுப்பு நடத்த வேண்டும். பாடம் எடுக்க ஒரு வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் நாற்பது பக்கக் கையேடு ஒன்றை முன்கூட்டியே அனுப்பி, அறுபது பேருக்கும் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

வகுப்பன்று அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். "நம்ம காலேஜ்ல காப்பிரைட்னா இவங்கதான்" என்று முதல்வர் அறிமுகம் செய்தார். வக்கீலம்மா வணக்கம் சொல்லிவிட்டுக் கையேட்டைப் புரட்டினார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி புரட்டினார்.

"மீதி முப்பது பக்கம் எங்கங்க?"

"பத்துக்கு மேல எடுக்கக் கூடாதுங்களே" என்றாள் அவள், எழுந்து நின்று.

"இதை எழுதினதே நான்தான். எடுங்கன்னு அனுப்பினதும் நான்தான்."

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. அறுபது பேர் கையிலும் இருந்த கையேடு, 'நியாயமான பயன்பாடு என்றால்' என்பதோடு நின்றிருந்தது.

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாள். "அப்போ சட்டப்படி எத்தனை பக்கங்க?" என்று கேட்டாள்.

"நம்ம சட்டத்துல பக்கக் கணக்கே கிடையாதுங்க. நாலு கேள்விதான் கேட்டுப் பாக்கணும். எதுக்காக எடுக்கறாங்க, படிக்கவா, விக்கவா? எந்த மாதிரி எழுத்து? எடுக்கறது கொஞ்சமா, இல்ல அதோட உயிரையே எடுக்கறாங்களா? இப்படி எடுக்கறதால அந்தப் புத்தகம் விக்காமப் போகுமா? நாலையும் சேத்து வெச்சுப் பாத்து ஒரு முடிவுக்கு வரணும்."

"பத்துப் பக்கப் பயிற்சிப் புத்தகத்துல பத்துப் பக்கம்?"

"அது முழுப் புத்தகம் ஆச்சே. கடையில விக்கறதை வகுப்பு முழுக்க எடுத்துக் குடுத்தா புத்தகம் போட்டவன் தலையில துண்டுதான்."

வருடாவருடம் முதலாண்டு மாணவர்கள் மொத்தப் பேருக்கும் அவள் அதைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காது மடல் சூடாவது அவளுக்கே தெரிந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

"அச்சுலயே இல்லாத புத்தகம். ஆராய்ச்சி பண்ற ஒருத்தர், தனக்குன்னு ஒரே ஒரு பிரதி கேக்கறார். முந்நூத்திப் பன்னெண்டு பக்கம்."

கணக்கு இவ்வளவு துல்லியமாக வந்ததும் வக்கீலம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேற எங்கயும் கிடைக்காதா? எழுதினவர்?"

"கிடைக்காது. அவரும் எப்பவோ போய்ச் சேந்துட்டார். வாரிசு யாருன்னும் தெரியாது."

"நானா இருந்தா குடுத்திருப்பேன். யாராவது கேஸ் போட்டாக்கூட நிக்காதுன்னுதான் நினைக்கறேன். ஆனா நான் வக்கீல், எழுதியெல்லாம் தர மாட்டேன்."

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, ஓய்வு பெற்றுவிட்ட பழைய நூலகருக்குப் போன் போட்டாள்.

அவருக்கு முதலில் எந்தப் பலகை என்றே பிடிபடவில்லை. பிறகு ஞாபகம் வந்ததும் குரல் குஷியாகிவிட்டது. "ஓ, அதுவா? அந்தப் பழைய மிஷின் பத்துப் பக்கத்துக்கு மேல போனா சூடாயிடும்மா. பேப்பர் போய் சிக்கிக்கும். மிஷின் சரியில்லைன்னு சொன்னா பசங்க சண்டைக்கு வருவாங்க. சட்டம்னா வாயை மூடிட்டுப் போயிடுவாங்க."

"என்கிட்டயும் அதையேதானே சார் சொன்னீங்க."

"நீயும்தான் வாயை மூடிட்டுப் போனே."

"அந்த மிஷினை மாத்தியே பத்து வருஷம் ஆச்சு சார்."

"அப்போ பலகையை எடுத்திருக்கணுமேம்மா" என்றார் அவர், அவள்மேல்தான் தப்பு என்பதுபோல.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தனை கல்யாணங்களிலும் நாத்தனார் சொன்னது உண்மைதான். ஒரு மனிதனின் படிப்பைத் தான் கெடுத்திருக்கிறோம், அதுவும் சட்டத்துக்காக இல்லை, மிஷின் சூடாகும் என்பதற்காக. இதை எப்படிச் சொல்வது என்று இறங்குமிடம் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது.

கணவர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மிஷின் கதையையும் விடவில்லை.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. உங்க அக்காகிட்ட நானே சொல்லிடறேன். நீங்க சொன்னதுதான் சரி, தப்பு என்மேலதான்னு. அதைவிடுங்க, இப்ப ஒண்ணும் குடி முழுகிப் போகலை. நாளைக்கே முழுப் புத்தகத்தையும் எடுத்துட்டு வரேன். புது மிஷின், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். நீங்க மறுபடி பதிவு பண்ணுங்க. உங்களைவிடப் பெரியவங்கல்லாம் படிக்கறாங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார்.

"எதுக்கா? பதினாலு வருஷமா இதைத்தானே சொல்லிட்டு இருக்கோம்?"

"எடுக்க வேண்டாம்னா வேண்டாம்."

"எடுத்துட்டுத்தான் வருவேன். வக்கீலம்மாவே குடுக்கலாம்னுட்டாங்க."

அவர் எழுந்துபோய், நாற்காலியைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்த சூட்கேஸுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

உள்ளே தாள்கள். முதல் தாளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அவளுடைய பழைய மிஷின் மட்டுமே போடும் கோடு. கடைசித் தாளைத் திருப்பினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"மீதிப் பக்கத்துக்கு டுடோரியல் பசங்க முப்பத்தோரு பேரை அனுப்பினேன்" என்றார் அவர். "ஆளுக்குப் பத்துப் பக்கம். நீதான் எடுத்துக் குடுத்தே."

அவளுக்கு அந்த மாதம் நினைவுக்கு வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் துறைமுக வரலாற்றில் இவ்வளவு ஆர்வமா என்று பூரித்துப்போய், இவரிடமே வந்து சொல்லியிருந்தாள். இவரும் தலையை ஆட்டியிருந்தார்.

"அப்புறம் ஏன் எழுதலை?"

"உட்காந்தேன். பத்து நாள் உட்காந்தேன். ஒண்ணுமே வரலை. அதுக்குள்ள அக்கா, உன்னாலதான் நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. நான் சொல்லலை, அவளாத்தான் சொன்னா."

"நீங்க இல்லைன்னு சொல்லலை."

"எப்படிச் சொல்றது? தப்பு உன்மேல இருக்கறவரைக்கும் நான் படிப்பாளி."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அத்தனை வருடம் கோணல் பட்டம் சுமந்த கூடத்துக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவளுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை. சார்ஜரில் இருந்த அவருடைய போனை எடுத்து, நாத்தனார் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்க."

மறுமுனையில் நாத்தனார் உடனே எடுத்துவிட்டாள். "என்னடா இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லக்கா." அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நகரவில்லை. "என் ஆராய்ச்சி நின்னுபோச்சு இல்ல, அதைப் பத்தி. அவமேல தப்பே இல்லக்கா."

அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. பரவாயில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"பின்ன யார்மேல தப்பு?" என்றாள் நாத்தனார்.

அவர் துணிப்பையைப் பார்த்தார், விடைத்தாள்களைப் பார்த்தார். "சட்டம் அப்படிக்கா" என்றார். "அவ என்ன பண்ணுவா, பாவம்."

ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அன்னைக்கும் அவளை விட்டுக்குடுக்கலை, இன்னைக்கும் விட்டுக்குடுக்கலை. தங்கமான மனசுடா உனக்கு. அவ குடுத்து வெச்சவ."

அவள் கைகட்டி நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி.

"சாப்டியாக்கா?" என்று கேட்டார் அவர்.