பயாஸ் போன கம்ப்யூட்டரும் பக்கத்து வீட்டு லேப்டாப்பும்

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் லீனா வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் செய்து தருவது அவள் வேலை. கணவன் சாமுக்கு சத்தியவேடு பக்கம் ஃபேக்டரியில் வேலை, ஞாயிறுதான் வருவான்.

கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவில் உறைந்து நின்றது. பயாஸை அப்டேட் செய்தால் சரியாகும் என்று மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் போட்டிருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் எழுந்து மற்றதையெல்லாம் எழுப்புகிற சின்ன புரோகிராம்தான் பயாஸ். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டருக்குள் ஃபேன் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். பலனில்லை. போனில் கையேட்டைத் தேடிப் படித்தாள். பயாஸ் ஃபைலுக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, பென்டிரைவில் போட்டுச் செருகி, பின்பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் போர்டு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பென்டிரைவைத் தயார் செய்யத்தான் இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும்.

பக்கத்து வீட்டு வேங்கடாசலத்திடம் லேப்டாப் இருந்தது. ஆனால் சாக்கடைத் தண்ணீர் போகும் வழி பற்றி வந்த தகராறுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. லீனா அவர் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா?"

"என் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுண்ணா. உங்க லேப்டாப்புல ஒரு ஃபைல் எடுத்துக்கட்டுமா?"

அவர் வந்து கேட்டைத் திறந்தார். பிறகு, "லோபலிக்கி ராம்மா" என்று தெலுங்கில் உள்ளே வரச் சொல்லிவிட்டு முன்னால் போனார்.

ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி வீட்டுக்கு வந்து, செருகிப் பொத்தானை அழுத்தினாள். பொத்தானருகே இருந்த விளக்கு மூன்று முறை மின்னி அப்படியே நிலைத்து எரிந்தது. தோல்வி என்று அர்த்தம். மறுபடியும் போய் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகிப் பார்த்தாள்.

"இன்னும் ஆவலியா?"

"பேரு மாத்தறதுல தப்பு பண்ணிட்டேண்ணா. பேருல புள்ளிக்கு அப்பறம் வர்ற கடைசி எழுத்துங்க ரெண்டு தடவ வந்திருக்குது. லேப்டாப் அத மறைச்சி வெச்சிருந்துச்சு, தெரியாம நானும் ஒருவாட்டி சேத்துட்டேன்."

திருத்தி எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது அவரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். இம்முறை விளக்கு நெடுநேரம் மின்னி அணைந்தது. லீனா ஆன் செய்தாள். கம்பெனிப் பெயர் திரையில் வந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். லீனா உட்கார்ந்து, நின்றுபோன பதிவை முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.

ஞாயிறு சாம் வந்ததும் நடந்ததைச் சொன்னாள்.

"அவருகிட்டப் போயி எப்பிடிக் கேட்ட?"

"கேட்டேன். குடுத்தாரு."