என் வாயை நேர்ந்துவிட்ட நாள்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. நான் கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

என் கணவருக்குக் கரும்பு விவசாயம். ஆனால் ஆசையெல்லாம் ஜீப் மேல். கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, மழை பெய்தால் லாரி ஏறாது, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று இருந்தால் நாமே இறக்கி விற்கலாம் என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஏலத்தில் எடுத்து வந்தது இன்ஜினும் இல்லாத, சீட்டும் இல்லாத ஒரு பழைய ராணுவ ஜீப்பின் கூடு. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எங்கள் கோழிகள் அதில்தான் முட்டையிட்டன.

மீதி சாமான்களை ஊர் ஊராகப் போய்ப் பழையதாகத் தேடிப் பிடித்தார். கட்டிலுக்கு அடியில் கியர் பாக்ஸ், நெல் மூட்டை மேல் ரேடியேட்டர், துவைத்துப் போட்ட புடவையில் கிரீஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வாய் மூடுகிற ரகம் கிடையாது. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் திட்டுவேன்.

ஒருநாள் மூங்கில்துறைப்பட்டில் யாரோ பழைய ஜீப் ஒன்றை உடைக்கிறார்கள் என்று தகவல் வந்தது. முன் சக்கரத்துக்கு இழுப்பு கொடுக்கிற பல்சக்கரம், கிரவுன் என்பார்கள், அது ஒன்றுதான் இவருக்குப் பாக்கி. மறியல் பேச்சு அடிபடுகிறது, போகாதீர்கள் என்றேன். கேட்கவில்லை.

"போங்க, அந்த இரும்போடவே இருந்துடுங்க" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போனார்.

மத்தியானத்தோடு பஸ் நின்றுபோனது. சங்கராபுரம் பக்கமிருந்து சைக்கிளில் வந்தவர்கள், புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருக்கிறார்கள் என்றார்கள். அதற்கப்புறம் வந்தவர்கள், எங்கேயோ துப்பாக்கிச்சூடு என்றார்கள். எங்கே, யாருக்கு என்ன ஆச்சு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போன் ஏது அப்போது? இருட்டியும் அவர் வரவில்லை. காலையில் நான் சொன்ன வார்த்தையே திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவை இழுத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். வேறு யாராக இருந்தாலும் பொங்கல் வைக்கிறேன், சேவல் தருகிறேன் என்று வேண்டியிருப்பார்கள். எனக்கு இருந்த பதற்றத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. சூடத்தைக் கொளுத்தி, "தாயே, அவரு முழுசா வூடு வந்து சேரட்டும். அந்த இரும்பப் பத்தி இனிமே வாயே தொறக்க மாட்டேன்" என்றேன்.

அக்கா திடுக்கிட்டுவிட்டாள். "இன்னாடி இது, சேவல நேர்ந்துவுடற மாதிரி வாய நேர்ந்துவுட்டுட்ட? உன்னால முடியுமா?"

அன்று சாயங்காலம், ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பின்னால், கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து வந்து நின்றார். தோளில் சாக்கு மூட்டை. கை முழுக்கத் தோகை கிழித்த கீறல். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

சாமானை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ் மறியலில் மாட்டிக்கொண்டதாம். மரத்தை நகர்த்தவே மாட்டோம் என்று நின்றவர்கள்தான் இவருக்குச் சோறும் போட்டு, படுக்க இடமும் கொடுத்திருக்கிறார்கள். காலையில், ரோட்டுப் பக்கமே போகாதே என்று வாய்க்கால் வரப்பு வழியாக அனுப்பி வைத்தார்களாம். கொஞ்ச தூரம் கரும்பு வண்டி, மீதியெல்லாம் நடை.

இதைச் சொல்லி முடித்ததும் சாக்கைப் பிரித்து அந்தக் கிரவுனை எடுத்துக் காட்டினார். "பல்லு ஒண்ணுகூட தேயல, பாரேன்!"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா உதட்டின் மேல் விரலை வைத்தாள். விழுங்கிக்கொண்டேன்.

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! தீபாவளிப் புடவையில் ஆயிலைக் கொட்டினார். "பரவால்லங்க" என்றேன். பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒருவழியாக ஜீப் ஓடியது. முதல் பயணம் வெள்ளிமலைக்கு, நானும் அவரும். மழை பெய்த மலைப்பாதை. ஒரு வளைவில் பின் சக்கரம் சேற்றில் புதைந்து சுற்ற, முன் சக்கரம் வண்டியை இழுத்து மேலே ஏற்றியது. மேடேறியதும் வண்டியை ஓரங்கட்டி, இத்தனை நாளாக ஒரு வார்த்தை திட்டவில்லையே, இன்னும் கோபமா என்று கேட்டார். வேண்டுதலைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார்.

"அன்னிக்குத் தோளு வுட்டுப்போச்சு. அந்தச் சாக்கு மூட்டைய வாய்க்கால்லயே போட்டுட்டு வந்துடலாமான்னு இருந்துச்சு. வெறுங்கையோட வந்தா நீ எத வச்சுத் திட்டுவன்னுதான் தூக்கிக்கினு வந்தேன்" என்றார்.

அந்த ஜீப் எப்போதோ கைமாறிவிட்டது. வேண்டுதல் இரும்புக்கு மட்டும்தானே, மற்ற எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர் செருப்பை மாட்டிவிட்டால், எவ்வளவு கோபம் இருந்தாலும் என் கடைசி வார்த்தை "பார்த்துப் போயிட்டு வாங்க" என்பதுதான். திட்டு வாங்குவதற்கு ஆள் திரும்பி வருவது எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும்.