குறைச்சுப் போடுங்கோ, சேர்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஒரு கதலி வாழைக்குலை உள்ளே வந்தது. குலைக்குப் பின்னால் ஓர் அம்மா.

எனக்குத் திக்கென்றது. அந்த அம்மாவைத் தெரியும். குலையையும் தெரியும் மாதிரித்தான் இருந்தது. அதன் அண்ணனோ அக்காவோ இரண்டு வருடத்துக்கு முன் இதே படலையால் வந்து, வந்த வேகத்திலேயே திரும்பிப் போயிருக்கிறது.

முதலில் இருந்தே சொல்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவருடைய ஊரைப் பண்டத்தரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் குமரன் என்று பெயர் வைப்போம்.

நான் கம்பஸில் பொருளியல் படிப்பிக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அங்கே எனக்குள்ள பட்டப்பெயர்: 'கஞ்சன்'. என் பாடத்தில் அறுபது எடுத்த பிள்ளையின் வீட்டில் அன்று பொங்கலாம்! எழுபதைத் தாண்டினால் ஃபஸ்ற் கிளாஸ். என் கையால் எழுபதைத் தாண்டியவர் அதுவரை ஒருவரும் இல்லை.

வீட்டிலும் அதே குணம்தானாம். "என்ரை கறிக்கு உந்த மனுசன் தாற ஆகக் கூடின புள்ளி 'பிழையில்லை'" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என் மனைவி முறைப்பாடு சொல்லுவாள். ஏன், யாழ்ப்பாணத்தான் வாயில் அதற்கு மேல் ஒரு பாராட்டு இருக்கிறதா என்ன?

ஆனால் காலம் மாறுகிறது. புள்ளி போடுவதில் இப்போது எல்லோருக்கும் தாராளக் கை. ஓர் இளம் விரிவுரையாளர் என்னோடு வாதாடினார்.

"சேர், பாவங்கள். கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சதுகள். குண்டு போடுற பொம்பருக்குக் கீழை இருந்து சோதினை எழுதினதுகள்."

"ஓம் தம்பி. நானும் அதே பொம்பருக்குக் கீழை இருந்துதான் திருத்தினனான்."

இரக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தைப் புள்ளியாக மாற்றினால் உண்மையாகவே கெட்டிக்காரனை எப்படி அடையாளம் காட்டுவது? எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?

இப்படி நான் கொடி பிடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான், இறுதிப் பரீட்சை முடிந்த கையோடு, அந்த அம்மா முதல் தடவை வந்தார். குலையைக் கண்டதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தேன்.

"அம்மா, புள்ளி விஷயமெண்டால் வீட்டை வரக்கூடாது. குலையோடை திரும்பிப் போங்கோ."

"கூட்டச் சொல்லி வரேல்லை, சேர். குறைச்சுப் போடுங்கோ."

என்ன...? இத்தனை வருட வாத்தியார் உத்தியோகத்தில் இப்படி ஒரு விண்ணப்பமா?

"எனக்கு மூண்டு பெடியள், சேர். மூத்தவன் கனடாவிலை. நடுவிலான்... இல்லை. குமரன் கடைசி. தமையன் வா வா எண்டு நிக்கிறான். இவன் சொல்லுறான், கிளாஸ் வந்தால் இங்கை கம்பஸிலை படிப்பிக்கப் போறானாம். வராட்டில்தான் அண்ணையிட்டைப் போவானாம். மற்றப் பாடங்களுக்கெல்லாம் அள்ளிப் போட்டிட்டினம். உங்கடை பாடம்தான் மிச்சம்."

நடுவிலான் ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. இப்போது எங்கள் ஊர்களில் அதை யாரும் கேட்பதில்லை.

"ஒருத்தருக்கும் போடமாட்டியள் எண்டு ஊரெல்லாம் கதைக்கினம். உங்களைத்தான் நம்பி வந்தனான். என்ரை பிள்ளைக்கும் வழமை மாதிரிச் செய்யுங்கோவன்."

"நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன், அம்மா" என்று பெரிய வீரம் பேசி அனுப்பிவைத்தேன். குலையும் போனது. மனைவி அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான். ஆனாலும் நாலு பக்கம் வாசித்ததும் அது குமரன் என்று தெரிந்துவிட்டது. என் வகுப்பில் வேறு யாருக்கு அந்தத் தெளிவு வரும்? அந்த அம்மாவின் முகம் தாளுக்கு மேல் வந்து நின்றது. ஒரு வினாவில் இரண்டு புள்ளியைக் கிள்ளினால் யாருக்குத் தெரியும்? பையன் கனடாவில் இருப்பான். உயிரோடு இருப்பான்.

ஆனால் கிள்ளுவதற்கு ஓர் இடம் வேண்டுமே! தேடினேன். கிடைக்கவில்லை. எழுபத்தொன்று போட்டேன்.

கிளாஸ் வந்தது. குமரன் எங்கள் துறையிலேயே உதவி விரிவுரையாளர் ஆனான். என் நிம்மதி போனது. பொம்பர் இரைச்சல் கேட்டால் மற்றவர்கள் பங்கர் எங்கே என்று பார்ப்பார்கள். நான் குமரன் எங்கே என்று பார்ப்பேன். ஒருநாள் அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினேன்.

"சேர், நான் வருவன். நீங்கள் முதல் ஓடுங்கோ" என்று சிரித்தான். புள்ளி போட்ட பாவத்தை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அந்த அம்மாவும் நானும் யோசிக்காத ஒன்று நடந்தது. உதவி விரிவுரையாளர் என்றால் மேற்படிப்புக்கு வெளிநாடு போகத்தானே வேண்டும்? "எழுதிப் போடடா, எழுதிப் போடடா" என்று அவனை நான் அரித்த அரிப்பில், கனடாவில் தமையன் இருக்கிற நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பித்தான்.

பதில் வந்தது. இடம் உண்டு. ஆனால் எழுபத்தொன்று அவர்களுக்குச் சாதாரணப் புள்ளியாம். அங்கே கெட்டிக்காரப் பிள்ளை என்றால் தொண்ணூறாம்! ஆகவே முதலில் ஒரு வருடம் கீழ்வகுப்புப் பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். குமரனின் முகம் தொங்கிவிட்டது. "ரோசம் பாக்காமல் போ" என்றேன். கிளாலிக் கடலை இரவோடிரவாகப் படகில் தாண்டி, கொழும்புக்குப் போய், போன மாதம் விமானம் ஏறினான்.

ஆகவே போன ஞாயிறு அம்மா நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் குலையை இறக்கி வைத்தார். இடுப்பில் கையை ஊன்றினார்.

"என்ன சேர் இது? என்ரை பிள்ளையின்ரை எழுபத்தொண்டு காணாதாமோ அவங்களுக்கு? திருப்பிப் படிக்கட்டாம்! உங்களிட்டை எழுபத்தொண்டு எடுக்கிறதெண்டால் என்னெண்டு அவங்களுக்குத் தெரியுமோ? உடனை எழுதிப் போடுங்கோ, புள்ளியைக் கூட்டச் சொல்லி!"

குறைக்கச் சொல்லி வந்த அதே அம்மா!

"அண்டைக்குக் குறைக்கச் சொன்னியளே, அம்மா?"

"அது அப்ப, சேர். இப்ப பிள்ளை போய்ச் சேர்ந்திட்டானெல்லோ" என்றவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எழுதுகிறேன் என்றேன். கனடாக்காரன் கேட்கமாட்டான் என்று தெரியும். கேட்காவிட்டால் என்ன?

இந்த முறை குலையைத் திருப்பி அனுப்பவில்லை. பின்னேரம் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டேன்.

"எப்பிடியப்பா பழம்?" என்றாள் மனைவி. வழக்கமான பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

"எழுபத்தொண்டு."