கண்ணக்காவின் கண் திறந்த கதை

ஒளியை மின்சாரமாக்கும் மின்னணுச் சில்லுகள் செய்யும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் கண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி இழை வழியே பாய்ந்து வரும் ஒளியைப் பிடிப்பது, கடுகைவிடச் சின்ன ஒரு டையோடு. அது தரும் மின்துடிப்பைப் பெருக்குவது பக்கத்துச் சில்லு. இரண்டும் ஒத்துப்போனால் கருவித் திரையில் கண் வடிவம் பளிச்சென்று விரியும். ஒத்துப்போகாவிட்டால் கோடுகள் குழம்பி, கண் மூடிக்கொள்ளும். அவள் உயிரைக் கொடுத்து வரைந்த ஜோடியோ, துடிப்புகளின் வேகத்தைக் கூட்டினால் போதும், பொசுக்கென்று கண்ணை மூடிவிடும்.

"இன்னும் கண்ணு தொறக்கலைங்க" என்று ஒருநாள் அவள் போனில் கணவனிடம் அழாத குறையாகச் சொன்னாள். அரைகுறையாகக் கேட்ட மாமியார், யாரோ மயங்கிக் கிடப்பதாகப் பதறிப்போய் பிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஓட்டும் அந்தக் கணவன்தான் அம்மாவை வாசலில் மறித்தான். "அம்மா, அது மெஷினோட கண்ணும்மா!"

"அவளுக்குச் சாப்பிடவே நேரமில்ல, மெஷினுக்குக் கண்ணு ஒரு கேடா?"

மறுநாள் அவள் இதைச் சொல்லக் கேட்டு ஆய்வுக்கூடம் வயிறு வலிக்கச் சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்மா. அப்புறம் வெளியிலேர்ந்து வாங்கிடலாம்." அதாவது, அவள் வரைந்ததெல்லாம் குப்பைக்கு. கையில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு நல்ல டையோடு.

சில்லுதான் சரியில்லை என்று எல்லோரும் சொல்ல, அவளும் அதையே திருத்தித் திருத்தி வரைந்து மாய்ந்திருந்தாள். வியாழக்கிழமை பழைய ஜோடியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டையும் இணைக்கும் தங்கக் கம்பி கண்ணை உறுத்தியது. வில்லாக வளைந்து நின்றது. முடியைவிட மெல்லிசுதான், ஆனால் இந்த வேகத்தில் கம்பியின் நீளமே துடிப்பை மறித்துவிடும். அறுந்துவிடக் கூடாதே என்று, கம்பி கட்டும் டெக்னீஷியனிடம் "தாராளமா விடுங்கண்ணே" என்று சொன்னவள் வேறு யாருமில்லை, இவளேதான்! தலையில் அடித்துக்கொண்டாள்.

"டையோடைச் சில்லோட ஒட்டி வெச்சு, கம்பியைப் படுக்கக் கட்டிடுங்கண்ணே."

டெக்னீஷியன் தயங்கினார். "அறுந்தா மறுபடி கட்டணும்மா. அப்ப டையோடு முனையே பிஞ்சு வந்துடும். இருக்கறது ஒண்ணு."

"பிய்யட்டும்ணே. மூடின கண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கட்டினார். அறவில்லை.

வெள்ளிக்கிழமை இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அவள் வேகத்தைக் கூட்டினாள். கோடுகள் நடுங்கின. பிறகு கோடுகள் மெல்ல விலகின. அகலமாக, சுத்தமாக, அப்படியொரு கண்!

"வேகத்தைக் குறைச்சு வெச்சிருக்கியா?"

"நீங்களே பாருங்க சார்."

அவரே குமிழைத் திருகினார், இலக்கையும் தாண்டி. கண் கொஞ்சம் சுருங்கியது, மூடவில்லை. இன்னும் திருகினார். அப்போதும் மூடவில்லை. "அடேங்கப்பா!" என்றார் திரையைவிட்டு முகத்தைத் திருப்பாமல். "யார் டிசைன்னு கேப்பாங்களே, என்ன சொல்றது?"

கண்ணக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், தாழ்வாரம் வரை கேட்கும்படி சொன்னாள்:

"நான் வரைஞ்சது சார்! இது நான் வரைஞ்சது!"