“இல்லை” சொல்லிப் பழகுங்க

“உங்களுக்கு ஒம்பது புள்ளைங்கதானே?”

“ஆமாங்க, தொரைசாணி.”

“ஐயோ, ரெண்டு! எங்க, இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்.”

வீராயி சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். அமலராணி விடுவதாக இல்லை. “வெளியில மழை கொட்டுதுதானே?” என்று அடுத்ததைக் கேட்டாள். சித்திரை வெயிலில் முகாமின் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கும் “ஆமாங்க” தான்.

மூன்றாண்டுக்கு முன் திருச்சியில் திறந்த சட்டக் கல்லூரியில் படிக்கிறாள் அமலராணி. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எங்கள் அடுத்த வீடு. அப்பா லூர்து டிக்கெட் கவுன்டரில் இருக்கிறார். கறுப்புக் கோட்டு மாட்ட அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. ஆனால் அதிகாரிகளின் விசாரணைக்கு ஏழைகளுக்குத் துணையாகப் போகலாமே என்று, அவளுடைய பேராசிரியர் சனிக்கிழமைதோறும் மாணவர்களை ஊருக்கு வெளியே, இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் தங்கியிருக்கும் முகாமுக்கு அனுப்புகிறார். மற்றவர்கள் மனு எழுதுகிறார்கள். இவள் தப்புத் தப்பாகக் கேள்வி கேட்கிறாள்.

இந்தப் பழக்கம் முகாமோடு நின்றால் பரவாயில்லை. “மாமா, நீங்க எழுதறதை விட்டுட்டீங்கதானே?” என்று என்னை வம்புக்கு இழுப்பாள். டவுன் பஸ் கண்டக்டரிடம் “இது பழனி போகும்தானே?” என்பாள். “இல்லவே இல்லம்மா, எறங்கு!” என்று அவர் கத்தினால், “எவ்வளவு சுலபமாச் சொல்றார் பாருங்க மாமா” என்று பொறாமைப்படுவாள். அறுந்த வாருக்கு ஊக்குப் போட்ட செருப்போடு அவள் நடக்கிற வேகத்துக்கு நான் ஓடத்தான் வேண்டும். வீராயியோ யாரோடு போனாலும் நாலடி பின்னால்தான் வருவார். தோட்டத்துப் பழக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தொரை எது கேட்டாலும் ஆமாம் என்றால்தான் அங்கே பிழைப்பு. கப்பலேறி வந்த வருஷமே கணவர் பிச்சமுத்து காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் வந்த ஓர் அதிகாரி, “வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் தொட்டியம்தானே? அங்க சொந்தக்காரங்க பாத்துக்குவாங்கல்ல? போயிடறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் ஆமாங்க தொரை. போதாதா? முகாமைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. தொட்டியத்தில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? அமலராணி அலையாய் அலைந்து மறுவிசாரணை வாங்கினாள்.

“நீயே பேசிவிடக் கூடாதா?” என்று கேட்டேன்.

“மத்ததெல்லாம் பேசுவேன் மாமா. போக சம்மதமான்னு அவங்களைத்தான் கேப்பாங்க. அங்க நான் வாயைத் தொறந்தா, சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கான்னு எழுதிடுவாங்க.”

“சொல்லித்தானே கொடுக்கிறாய்?”

“பொய்யா சொல்லிக்கொடுக்கறேன்?” அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

விசாரணையன்று முகாம் ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். புது அதிகாரி. பரம சாது. அதட்டுகிறவரிடம்கூட மறுத்துப் பேசிவிடலாம், இத்தனை அன்பாகக் கேட்பவரிடம் வீராயி எப்படி இல்லை என்பார்? கணவரின் மரணம், பெண்களின் படிப்பு எல்லாவற்றையும் அமலராணி தடங்கலில்லாமல் எடுத்துச் சொன்னாள். அதிகாரி கேட்டுக்கொண்டு, வீராயி பக்கம் திரும்பினார்.

“போன தடவை தொட்டியம் போறேன்னு சொல்லியிருக்கீங்களேம்மா. இப்பவும் சம்மதம்தானே?”

“ஆ...” என்று ஆரம்பித்தார் வீராயி.

அமலராணி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் கண் மட்டும் வீராயியை விட்டு நகரவில்லை.

“இல்லீங்க, தொரை.”

“என்னம்மா?”

“இல்லீங்க. அன்னிக்குத் தொரை கேட்டாங்க, ஆமான்னேன். அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. புள்ளைங்க இங்க படிக்குதுங்க. நான் போகலீங்க.”

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, பழைய உத்தரவை ரத்து செய்வதாகவும், முகாமிலேயே இருக்கலாம் என்றும், குடும்ப அட்டையை வீராயி பேருக்கு மாற்ற வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

வெளியே வந்ததும் அமலராணிக்குத் தலைகால் புரியவில்லை. “வாங்க வீராயிம்மா, கடையில டீ வாங்கித் தரேன்” என்று வழக்கம்போல முன்னால் நடந்தாள்.

“இல்ல.”

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

“கடையில ஊத்துறதெல்லாம் ஒரு டீயா? நான் போட்டுத் தரேன், வா புள்ள.” வீராயி எங்களைத் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று முகாமைப் பார்த்து நடந்தார்.

அமலராணி ஊக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.