கழற்றி வைத்த கதவு

நேற்று மழையில் ஊறி உப்பிப்போன வாசற்கதவை மூட நான் மல்லுக்கட்டியபோது கிளம்பிய ஈர மரவாசனை, மணலி புதுநகரின் மூன்றாம் மாடியிலிருந்து என்னை எண்ணூர்க் கடலோரத்துக்கு, இப்போது அலைதடுக்கும் கருங்கற்கள் மட்டும் கொட்டிக்கிடக்கிற எங்கள் பழைய தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஐப்பசியில் கடல் பொங்கினால் அந்தத் தெருவில் முதலில் கழற்றுவது கதவைத்தான். சுவரை மறுபடி எழுப்பிக்கொள்ளலாம், நல்ல கதவு கிடைக்காது என்பார்கள். கதவுகளையெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் மாதா கோயில் சுவரில் சாய்த்துவிட்டு, திறந்துகிடக்கும் வீட்டுக்குள் சோறு கொதிக்கும் சத்தத்தையும் தாண்டிக் கடலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அலை அடிக்கும்போது பயமில்லை. அடித்துவிட்டு அடுத்தது வராமல் கடல் பின்வாங்கி நிற்கும் அந்த அமைதியில்தான் அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கும்.

"இன்னாத்துக்குப் பயப்பட்ற? கதவு பத்திரமா கீதுல்ல" என்பார் அப்பா.

ஒரு மத்தியானம் அந்த அமைதிக்குப் பின் வந்த அலையில் வீடு போனது. கதவு மட்டும் எங்களோடு இங்கே வந்தது. இந்த வாசலுக்கு அது பொருந்தாததால், செங்கல்மேல் போட்டு அம்மா படுக்கையாக்கிக்கொண்டாள்.

நேற்று நான் கதவை இழுக்கும் சத்தம் கேட்டு அந்தப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த அம்மா, என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கடலு ஏறிக்கினு வருதா? சீக்கிரம் கழட்டும்மா."

"இல்லம்மா, மழைதான்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் மழை சட்டென்று நின்றது. அம்மாவின் பிடி இறுகியது.