இல்லாத காலுக்கு இடது காலில் கரண்டு

1. தோண்டணும்

"எனக்க காலத் தோண்டி எடுக்கணும் சாரே" என்று ஞானதாஸ் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன். அமரவிளையில் ஒரு சின்ன கிளினிக்கில் இருபத்தாறு வருஷமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இடுப்பு, முட்டு, கழுத்து என்று எத்தனையோ வலிப் புராணம் கேட்டாயிற்று. இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

ஞானதாஸ் வெள்ளறடைக்காரர். ரப்பர் மரத் தடிகளை லாரியில் ஏற்றுகிற வேலை. ஒரு தடி உருண்டு வலது காலை நசுக்கி, புண் அழுகி, கடைசியில் முட்டுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வெட்டி எடுத்த காலை ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். மச்சினன் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையின் ஓரத்தில் புதைத்திருக்கிறார். அதெல்லாம் நடந்து எட்டு மாதம். புண் அழகாக ஆறிவிட்டது. ஆனால் இல்லாத அந்தக் காலில், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி வலி. மச்சினன் விரலை மடக்கியபடியே புதைத்துவிட்டான், தோண்டி நிமிர்த்தி வைத்தால் சரியாகிவிடும் என்பது ஞானதாஸ் கண்ட வழி.

பக்கத்தில் மனைவி ஸ்டெல்லா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வலியோடு இன்னொரு காலை மாட்ட முடியாது, வேண்டவே வேண்டாம் என்று ஞானதாஸ் ஒரே பிடிவாதம். கால் மாட்டாவிட்டால் ஐம்பத்திரண்டு வயதில் மனுஷன் கட்டிலோடு முடங்கிவிடுவார் என்பதுதான் ஸ்டெல்லாவின் பயம். போதாததற்கு, காலே இல்லாதவனுக்குக் கால் வலியா, வேலைக்குப் போக மடி, சோம்பேறித்தனம் என்று ஊரில் பேச்சு வேறு.

கால் போனாலும் மூளை அந்தக் காலை விடவில்லை, வலி நிஜம்தான், நடிப்பில்லை என்று சொன்னேன். ஞானதாஸ் தடி சுமந்து உரமேறிய தோள்காரர். குலுங்கிக் குலுங்கி அழுதார். தோண்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்.

2. இரண்டு வாரத்துக்கு ஒரு மெஷின்

வீட்டில் வைத்துப் பயன்படுத்த டென்ஸ் என்று ஒரு மெஷின் உண்டு. மொபைல் அளவு டப்பா. அதிலிருந்து வயர், வயர் நுனியில் தோலில் ஒட்டுகிற பேடு. லேசான கரண்டு போகும். சிலருக்கு வலி அடங்கும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. அதனால் கடைக்கு ஓடிப்போய் வாங்காதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். பத்து மோடு, இருபது மோடு என்று கடைக்காரர் காட்டுவார். உபயோகப்படுவது ஒன்றோ இரண்டோதான். எங்கள் கிளினிக்கில் இதற்கென்றே இரண்டு மெஷின் வைத்திருந்தோம். ஒரு வீட்டில் இரண்டு வாரம், பிறகு அடுத்த வீடு. உடம்பு கேட்டால் மட்டும் சொந்தமாக வாங்கலாம். பேடும் மெஷினோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வைத்தியர் கொடுக்கிற குழம்புத் தைலம் தேய்த்த தோலில் பேடு ஒட்டாது, சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். நெஞ்சிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் வைக்கக்கூடாது. குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும், எறும்பு ஊர்வதுபோல் இருந்தால் போதும். கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, அது வேண்டாம். கடைசியாக, வலது தொடையில் பேடு ஒட்ட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன். ஸ்டெல்லா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

3. ஆறாம் நாள்

ஆறாம் நாள் அவர்கள் வீட்டுக்கே போனேன். ஸ்கூட்டர் நின்ற சத்தம் கேட்டதுமே ஸ்டெல்லா ஒரு தோர்த்துத் துண்டை எடுத்து அவசரமாக ஞானதாஸின் மேல் போட்டார். தோர்த்தை விலக்கினேன். பேடு இரண்டும் இடது காலில் இருந்தது, நல்ல காலில்! வந்ததே எனக்குக் கோபம். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். அத்தனை தூரம் படித்துப் படித்துச் சொன்னேனே, விளையாட்டா இது என்று கத்திக்கொண்டே பேடைப் பிடுங்கக் கையும் நீட்டிவிட்டேன்.

ஸ்டெல்லா என் கையைத் தடுத்தார்.

"ஏசாதீங்க சாரே. வலது காலு அழுவிப்போன காலாக்கும். எங்களுக்க சொந்த மெஷினுண்ணா அதுலயே ஒட்டியிருப்பேன். இத நாளைக்கு வேற வீட்டுக்குக் கொண்டுபோறதுல்லா? அந்த ஆளுவளுக்க மேல எப்படி இத ஒட்டுவீங்க?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். மெஷினைப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்தால் எனக்கு மரியாதைக் குறைவு. அந்தக் காலில் ஒட்டினால் அடுத்த வீட்டு நோயாளிக்குச் செய்கிற பாவம். ஸ்டெல்லா இரண்டையும் யோசித்து இடது காலில் ஒட்டியிருக்கிறார். அதிலும் எந்த இடத்தில்? எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஞானதாஸ் இடது காலைத் தொட்டுத்தான் காட்டுவார். இல்லாத காலை எப்படித் தொடுவது? அவர் தொட்டுக் காட்டிய கணுக்காலிலும் பாதத்தின் மேற்பக்கத்திலும் பேடு இருந்தது.

ஞானதாஸ் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாரே, முந்தாநேத்து வெரலுவ விரிஞ்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வலது கையை இறுக்கமாக மடக்கி, எட்டு மாதமாக இப்படித்தான் இருந்தது என்று காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையின் சுண்டுவிரல் மெதுவாக நிமிர்ந்தது. பிறகு அடுத்த விரல். இல்லாத காலில் நடப்பதை இங்கே கையில் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. கட்டைவிரல் விரிய கால்மணி நேரமாவது ஆகியிருக்கும். மண்ணுக்குள் போய்விட்ட ஒரு காலின் விரல்கள் என் கண்முன்னால் விரிகின்றன, கரண்டு போவதோ இன்னொரு காலில்! கர்த்தரே என்று நான் வாய்விட்டுச் சொன்னேனாம். ஸ்டெல்லா பிறகு சொல்லித்தான் தெரியும்.

எனக்குப் பாடம் எடுத்த டீச்சரை அங்கிருந்தே போனில் பிடித்தேன். அவர் சிரித்தார். எதிர்ப்பக்கக் காலில் வைத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு, எல்லோருக்கும் கேட்காது, சிலருக்குக் கேட்கும், ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். வகுப்பில் அன்றைக்கு நீ தூங்கியிருப்பாய் என்றும் சொன்னார். இருக்கலாம்.

வலி அடியோடு போகவில்லை. தினமும் காலையும் சாயங்காலமும் அரைமணி நேரம் ஒட்டினால் சில மணி நேரம் அடங்கும், பிறகு திரும்ப வரும். ஆனால் தோண்டுகிற பேச்சு அன்றோடு நின்றது. அந்த வருஷத்து மரச்சீனி விற்ற காசில், மோடு குறைந்த சின்ன மெஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்கள்.

4. அளவெடுத்த பிறகு

செயற்கைக் கால் மாட்டுகிற நாளில் நானும் திருவனந்தபுரத்துக்குக் கூடப் போனேன். பிடித்து நடக்கிற இரண்டு கம்பிக்கு நடுவில் ஞானதாஸை நிறுத்தினார்கள். வலது காலை முன்னால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"வெரலுவ தரையில படுது சாரே."

ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

இப்போது எங்கள் கிளினிக்கில் ஆளுக்கு ஒரு ஜோடி புது பேடு தனியாகக் கொடுக்கிறோம். எந்த வீட்டுக்குப் போனாலும், என்ன செய்தீர்கள், எதற்குச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்று ஸ்டெல்லாவின் கை என்னைத் தடுக்காமல் இருந்திருந்தால் பேடைப் பிடுங்கி, நான் படித்த இடத்தில் மாற்றி ஒட்டிவிட்டு, சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.